வாசற்படி தாண்டிய மருத்துவம்

சூலம் போல் நிமிர்ந்து நிற்கும் மலையின் அடியில் அமைந்த ஊர் சூளகிரி. ஒருபுறம் கொத்தமல்லியும் தக்காளியும் விளையும் தோட்டங்கள்; மறுபுறம் கருங்கல் குவாரிகள்; நடுவே இரவும் பகலும் ஓயாத பெங்களூரு நெடுஞ்சாலை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும் எல்லைப்புறம் இது. இன்று ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை, நாளை கர்நாடகப் பகுதியில் கட்டட வேலை, மறுநாள் கல் உடைக்கும் வேலை எனப் பிழைப்பைத் தேடி மக்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் வீடு சந்திக்கச் சென்ற நாம், ஒரு வீட்டின் வாசலில் நின்றுவிட்டோம். அவ்வீட்டுத் தலைவர் குவாரித் தொழிலாளி. மூன்று மாதங்களாக அவருக்கு இருமல். மருந்துக் கடை ஒன்றில் இருமுறையும் மருத்துவமனை ஒன்றில் ஒருமுறையும் இருமல் மருந்துப் புட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டனர். நான்காம் மாதத்தில்தான் ஒருவர் சளியைப் பரிசோதிக்கச் சொன்னார். காசநோய் என்று முடிவு வந்தது.

"உள்ளே வாங்க சாமி" என்று அவருடைய மனைவி அழைத்தார். "இருக்கட்டும் அம்மா, நேரமாகிறது" என்றோம். வாசலிலேயே செபித்து, ஆசீர் அளித்துத் திரும்பினோம். உண்மையில் நமக்கு நேரம் ஆகவில்லை, அச்சம்தான் காரணம். அது அந்தப் பெண்மணிக்கும் தெரிந்திருந்தது. "பரவாயில்ல சாமி, எல்லாரும் அங்கயேதான் நிக்கிறாங்க" என்றார்.

குருமடத்தில் பல ஆண்டுகள் இறையியல் கற்ற நமக்கு அந்த ஒற்றை வரி ஒரு பாடமாயிற்று. காசநோயைப் பற்றியும், அதை எதிர்க்க உலக நாடுகள் நம் மண்ணில் கைகோத்த வரலாற்றைப் பற்றியும் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படித்தவற்றில் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டில்கள் போதாத நாடு

காசநோய்க்குக் காரணமான கிருமியை 1882ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் இராபர்ட் கோக் கண்டறிந்தார். ஆயினும் அதற்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதை வெல்லத்தக்க மருந்து உலகில் இல்லை. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு ஆகியவையே மருத்துவமாகக் கருதப்பட்டன. இவற்றை வழங்குவதற்கென எழுந்தவையே சானடோரியங்கள். ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகில் பல மறைபரப்புச் சபைகள் ஒன்றுகூடி ஆரோக்கியவரம் என்னும் காசநோய் மருத்துவமனையை 1910களில் உருவாக்கின. டென்மார்க் நாட்டு மருத்துவர் கிறிஸ்தியான் ஃபிரிமோட் மொல்லர் அதன் முதல் தலைவராக இருந்து அதை வளர்த்தார். 1928ஆம் ஆண்டில் டாக்டர் சவுரி முத்து தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். தாம்பரத்தில் ஒரு தொடர்வண்டி நிலையம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவை போற்றத்தக்க பணிகளே. ஆனால் நாட்டின் தேவையோ கடலளவு. 1946ஆம் ஆண்டில் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்தியாவில் ஏறத்தாழ 25 லட்சம் காசநோயாளர் இருப்பதாகவும் ஆண்டுதோறும் 5 லட்சம் பேர் அந்நோயால் மடிவதாகவும் மதிப்பிட்டது. அவர்களுக்காக நாடு முழுவதும் இருந்த படுக்கைகள் ஏறத்தாழ 6,000 மட்டுமே! சானடோரியத்தில் இடம் கிடைத்தவர் பேறு பெற்றவர். கிடைக்காதவர் தம் குடிசையின் மூலையில் இருமிக்கொண்டே இறந்தார்.

தொரப்பள்ளியிலிருந்து எழுந்த கேள்வி

இரண்டாம் உலகப் போரின் அழிவில் ஐரோப்பாவில் காசநோய் பெருகியபோது, டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய நாடுகளின் தொண்டு அமைப்புகள் பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கின. யூனிசெஃப் நிறுவனமும் அவற்றோடு இணைந்தது. பன்னாட்டுக் காசநோய் இயக்கம் என்னும் பெயரில் 1948ஆம் ஆண்டில் அது இந்தியாவுக்கும் வந்தது. மதனப்பள்ளிப் பகுதியில் முன்னோடிப் பணி நடந்தது. சென்னை கிண்டியில் தடுப்பூசி தயாரிக்கும் ஆய்வகம் அதே ஆண்டில் எழுந்தது. 1951 முதல் ஊர் ஊராக, பள்ளி பள்ளியாகக் குழந்தைகளுக்கு ஊசி போடும் பெரும் இயக்கமாக அது விரிந்தது.

இந்த இயக்கத்தை வன்மையாக எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் நம் பகுதியைச் சேர்ந்தவர் என்பது இன்று பலருக்கு மறந்துபோயிருக்கலாம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டில் பிறந்த இராஜாஜியே அவர். முதலமைச்சர் பொறுப்பிலிருந்து விலகிய மறு ஆண்டு, 1955இல், பி.சி.ஜி. தடுப்பூசியைத் தாம் எதிர்ப்பது ஏன் என்று விளக்கி அவர் ஒரு சிறு நூலையே வெளியிட்டார். உயிருள்ள கிருமியை நலமான குழந்தைகளின் உடலில் கூட்டம் கூட்டமாகச் செலுத்துவது தகுமா? அதன் பயனுக்குப் போதிய சான்று உண்டா? இவை அவர் எழுப்பிய கேள்விகளுள் சில. நடுவண் அரசின் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ருத் கௌர் தடுப்பூசியின் பக்கம் உறுதியாக நின்றார். இயக்கமும் நிற்கவில்லை.

காலம் என்ன தீர்ப்புக் கூறியது? 1968ஆம் ஆண்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் இணைந்து, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரை மையமாகக் கொண்டு ஒரு பெரும் சோதனையைத் தொடங்கின. ஏறத்தாழ 2,60,000 பேர் இதில் பங்குபெற்றனர். சிலருக்கு உண்மையான தடுப்பூசி. சிலருக்கு மருந்தில்லாத ஊசி. முதல் ஏழரை ஆண்டுகளின் முடிவுகள் வெளிவந்தபோது மருத்துவ உலகம் திகைத்தது. வயது வந்தோரைத் தாக்கும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அத்தடுப்பூசி அம்மக்களுக்குப் பயன் தரவில்லை. 15 ஆண்டுக்காலத் தொடர் ஆய்வும் அதையே உறுதிசெய்தது.

எனில் இராஜாஜி வென்றாரா? அவ்வாறு சொல்லிவிடவும் இயலாது. தடுப்பூசியால் பெருந்தீங்கு நேரும் என்ற அச்சம் மெய்ப்படவில்லை. குழந்தைகளின் மூளை உறையைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து அது காக்கிறது என்பது தெளிவாயிற்று. அதனால்தான் இன்றும் நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு அது போடப்படுகிறது. ஆயினும், 'சான்று எங்கே?' என்று அவர் கேட்டது நியாயமான கேள்வியே. நல்லெண்ணத்தோடு வரும் உதவியும் கேள்விக்கு உட்பட்டதே. பெறுகிறவர் கேட்கும் கேள்வியை நன்றிகெட்ட செயலாகக் கொள்ளாமல், அதற்கு விடை தேடும்போதுதான் உதவி முழுமை பெறுகிறது. செங்கற்பட்டுச் சோதனை அத்தகைய ஒரு தேடலாகும்.

சேத்துப்பட்டின் 193 பேர்

இனி, இவ்வரலாற்றின் நடுப்பகுதிக்கு வருவோம். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ் ஆகிய மருந்துகளும், 1952இல் ஐசோநியாசிட் மருந்தும் மருத்துவர்களின் கைக்கு வந்தன. காசநோய் இனித் தீரக்கூடிய நோய் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் ஓராண்டுக் காலம் மருந்து தரவேண்டும். அவ்வளவு பேரையும் எந்த மருத்துவமனையில் கிடத்துவது? வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன? நெருக்கமான குடிசை, குறைந்த உணவு, ஓய்வில்லாத உழைப்பு, இவற்றுக்கிடையே மருந்து வேலை செய்யுமா? வீட்டிலுள்ள பச்சிளங் குழந்தைகளுக்கு நோய் தொற்றிவிடாதா?

இக்கேள்விகளுக்கு விடை காண, 1956ஆம் ஆண்டில் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் பங்காளிகள். ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கிய அம்மையம், இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக நிலைத்து நிற்கிறது. பிரித்தானிய மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தொடக்க ஆண்டுகளில் அதை வழிநடத்தினார்.

சென்னை நகரின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் ஒரு பாதியினர் சானடோரியத்திற்கு அனுப்பப்பட்டனர்; மறுபாதியினர் தம் வீடுகளிலேயே தங்கினர். இருசாராருக்கும் ஒரே மருந்து, ஒரே காலம். சானடோரியத்தில் இருந்தோருக்குச் சத்தான உணவும் ஓய்வும் காற்றோட்டமும் கிடைத்தன. வீட்டில் இருந்தோருக்கோ அவை இல்லை. பலர் வேலைக்கும் சென்றனர். ஆனால் அவர்களைத் தேடி மருத்துவக் குழுவினர் வந்தனர். முன்னறிவிப்பின்றிக் குடிசைக்குள் நுழைந்து மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொண்டதை உறுதிசெய்தனர், குடும்பத்தாரோடு பேசினர்.

ஓராண்டின் முடிவில், சானடோரியத்தில் இருந்தோரில் 92 விழுக்காட்டினரும், வீட்டில் இருந்தோரில் 86 விழுக்காட்டினரும் நோய் தணிந்து நலமடைந்திருந்தனர். அந்தச் சிறிய வேறுபாட்டைக் காட்டிலும் வியப்புக்குரியது அடுத்த முடிவு. நோயாளரின் குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, நோயாளரை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே தொற்றுப் பெரும்பாலும் நிகழ்ந்துவிடுகிறது. முறையாக மருந்து தொடங்கியபின் நோயாளரின் பரப்பும் ஆற்றல் விரைந்து குறைகிறது. இதுவே அவர்கள் கண்ட உண்மை.

1959ஆம் ஆண்டில் இம்முடிவுகள் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயின. உலகின் காசநோய் மருத்துவமே திசை மாறியது. மேலை நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்குச் சென்னையின் இந்தச் சான்றும் துணைநின்றது. மலைவாசங்களில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த நோயாளர் தம் பிள்ளைகளோடு வீட்டில் இருக்கும் உரிமையைப் பெற்றனர்.

இங்கு நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். பன்னாட்டு உதவி என்றதும் செல்வ நாடு கொடுக்கிறது, ஏழை நாடு வாங்குகிறது என்றே எண்ணிப் பழகிவிட்டோம். சேத்துப்பட்டில் நிகழ்ந்ததோ வேறு. மருந்தும் பொருளும் அறிஞரும் வெளியிலிருந்து வந்தது உண்மை. ஆனால் உலகுக்கே பயன்பட்ட அறிவைத் தந்தவர்கள் சென்னையின் குடிசைவாசிகளே. தம் உடலையும் வீட்டையும் அடுக்களையையும் திறந்து காட்டி அவர்கள் தந்த கொடை அது. வாலஸ் ஃபாக்ஸின் பெயர் நூல்களில் இருக்கிறது. அந்த 193 பேரின் பெயர்கள் எங்கும் இல்லை. கொடையாளர் பட்டியல் ஒன்று எழுதப்பெறுமாயின் அவர்களுக்கும் அதில் முதலிடம் தரவேண்டும் என்பது நம் கருத்து.

இருமல் மருந்துப் புட்டி

சென்னையில் விடை கிடைத்தது. அதை ஊர்ப்புறங்களுக்கு எடுத்துச் செல்வது எப்படி? அதற்கென உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப் ஆகியவற்றின் உதவியோடு 1959ஆம் ஆண்டில் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் நிறுவப்பெற்றது. காசநோய் நகரத்து நோய் என்ற எண்ணத்தை 1955 முதல் 1958 வரை நடந்த தேசிய ஆய்வு ஏற்கெனவே தகர்த்திருந்தது. நகரத்தைப் போன்றே சிற்றூர்களிலும் அது பரவியிருந்தது.

சிற்றூர் மக்கள் அறியாமையால் நோயை மறைக்கிறார்கள், மருத்துவரிடம் வருவதில்லை என்பது அக்காலத்தில் பலரது எண்ணம். பெங்களூர் நிறுவனத்தைச் சேர்ந்த தேபபர் பானர்ஜி என்ற இந்திய மருத்துவரும், ஸ்டிக் ஆண்டர்சன் என்ற டேனிய ஆய்வாளரும் இதை மெய்யென ஏற்கவில்லை. தும்கூர் மாவட்டத்தின் ஊர்களுக்குச் சென்று நோயுற்றவர்களையே கேட்டனர். 1963ஆம் ஆண்டில் வெளியான அவர்களது ஆய்வின் முடிவு நம்மைத் தலைகுனிய வைக்கிறது. மிகப் பெரும்பாலோர் தம் உடலில் ஏற்பட்ட மாற்றத்தை உணர்ந்தே இருந்தனர். பாதிக்கும் சற்று மேற்பட்டோர் மருத்துவ உதவியை நாடியும் சென்றிருந்தனர். அவ்வாறு சென்றவர்களைச் சளிப் பரிசோதனை செய்யாமல், இருமல் மருந்தைக் கொடுத்து மருத்துவ நிலையங்கள் திருப்பியனுப்பிக்கொண்டிருந்தன!

மக்கள் வாராதிருந்தது குறை அன்று. வந்தவர்களைக் கேளாதிருந்ததே குறை. இந்த உண்மையின் மீதுதான் 1962இல் வகுக்கப்பட்ட தேசியக் காசநோய்த் திட்டம் எழுந்தது. தனியான காசநோய் மாளிகைகள் வேண்டாம்; மக்கள் அன்றாடம் நாடிவரும் பொது மருத்துவ நிலையத்திலேயே சளியைச் சோதித்து மருந்து வழங்குக என்பது அதன் சாரம்.

நம் குவாரித் தொழிலாளியை இங்கு வாசகர்கள் நினைவுகூர்வார்கள். தும்கூர் ஆய்வு வெளியாகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், தும்கூரிலிருந்து சில மணிநேரப் பயணத்தில் உள்ள நம் ஊரில், அவர் கைக்கும் மூன்று முறை அதே புட்டிதான் வந்தது.

உதவியின் ஏற்றமும் இறக்கமும்

திட்டம் நல்லதாயினும் நடைமுறை தளர்ந்தது. 1992ஆம் ஆண்டில் அரசும் பன்னாட்டு நிறுவனங்களும் சேர்ந்து ஆராய்ந்தபோது, மருந்து தொடங்கியவருள் பாதிப் பேர்கூட அதை முடிக்கவில்லை என்று தெரியவந்தது. 1993இல் திருத்திய திட்டம் சோதனை முறையில் தொடங்கியது. 1997 முதல் உலக வங்கியின் கடனுதவியோடு அது விரிவடைந்து, 2006ஆம் ஆண்டில் நாடு முழுவதையும் எட்டியது. மருந்தை ஒருவர் நேரில் பார்த்துக்கொண்டிருக்க நோயாளர் உட்கொள்ளும் முறை அதன் உயிர்நாடி. இம்முறை வெளிநாட்டிலிருந்து வந்ததென்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதன் வேர்களுள் ஒன்று சேத்துப்பட்டில் இருக்கிறது. மருந்தை வீட்டில் கொடுத்துவிட்டால் சிலர் விட்டுவிடுகின்றனர் என்று கண்ட அம்மையத்தார், வாரம் இருமுறை கண்முன் மருந்து தரும் முறையை 1960களிலேயே ஆராய்ந்து காட்டினர். நம் மண்ணில் விளைந்த விதை உலகைச் சுற்றிவந்து மீண்டும் நம் மண்ணில் விழுந்தது எனலாம்.

இன்று அரசு மருத்துவ நிலையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம். நோயாளரின் உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கும், பன்னாட்டு முயற்சியில் உருவான புதிய மருந்துகளால் ஆறு மாதத்தில் தீர்வு காணும் முறைக்கு 2024இல் நம் நாடு ஒப்புதல் அளித்தது. இருந்தும், 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 8 லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். பன்னிரண்டரை லட்சம் பேர் உயிரிழந்தனர். நோயுற்றோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர்.

இந்நிலையில் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு சூலையில் அதன் உதவி நிறுவனத்தின் தனி இயக்கமும் முடிவுக்கு வந்தது. நம் நாட்டுத் திட்டம் பெரிதும் சொந்தப் பொருளில் நடப்பதால் தாங்கிக்கொள்ளும். ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகள் பலவற்றுக்கு அத்தகைய வலிமை இல்லை. கொடுப்பவர் விரும்பும்போது கொடுத்து, விரும்பாதபோது நிறுத்திக்கொள்வதற்குப் பங்காண்மை என்று பெயரிடலாகுமா? நல்ல சமாரியர் காயங்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்ததோடு போய்விடவில்லை. சத்திரத்தில் அந்த இரவைக் கழித்தார். திரும்பி வருவதாகவும் சொன்னார். 'திரும்பி வருவேன்' என்ற சொல்தான் உதவியை உறவாக்குகிறது.

மீண்டும் அந்த வாசல்

உலக நாடுகளை நோக்கிக் கேட்கும் இக்கேள்வி நம்மை நோக்கியும் திரும்புகிறது. அந்தத் தொழிலாளி இரண்டு மாதம் மருந்து உண்டார். இருமல் நின்றது, உடல் தேறியது. கடன்காரர் நெருக்கவே, எல்லை கடந்து வேறொரு குவாரிக்கு வேலைக்குச் சென்றார். மருந்து நின்றது. கல்தூசி படிந்த நுரையீரல் காசநோய்க்கு எளிதில் இரையாகும் என்பதை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து மெலிந்து திரும்பினார். அதற்குள், அவருடைய நோய் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாததாகிவிட்டது. வீட்டு உரிமையாளருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி, அவர் மனைவி மாத்திரைகளை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருந்தார்.

சேத்துப்பட்டு ஆய்வைப் படித்தபின் நாம் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றோம். மருத்துவர் சொன்னபடி முகக்கவசம் அணிந்து, சன்னலைத் திறந்து வைத்து, இம்முறை உள்ளே போய்ப் பாயில் அமர்ந்தோம். அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். அதன்பின் அன்பியத்தைச் சேர்ந்த இருவர் நாள்தோறும் மாலையில் அவ்வீட்டிற்குச் சென்றனர். அவர் மருந்து உண்ணும்வரை பேசிக்கொண்டிருப்பதே அவர்கள் செய்த வேலை. நெடுநாள் மருத்துவத்திற்குப் பின் அவர் பிழைத்தார். பழைய வலிமை திரும்பவில்லை. கல் உடைக்கப் போவதில்லை. இன்று கொத்தமல்லிக் கட்டுகளைச் சந்தைக்கு ஏற்றிவிடும் வேலை செய்கிறார். முதல் முறையே உள்ளே சென்றிருந்தால், அவர் ஊரைவிட்டுப் போகுமுன் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருப்போமே என்ற எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை.

ஜெனீவாவிலும் இலண்டனிலும் கோபன்ஹேகனிலும் தொடங்கிய உதவிகள் கடலையும் எல்லைகளையும் கடந்து நம் ஊர் மருத்துவ நிலையம்வரை வந்துசேர்ந்திருக்கின்றன. அங்கிருந்து நோயாளியின் பாய்வரை உள்ள தொலைவு சில நூறு அடிகள்தான். அதைக் கடக்கவேண்டியவர்கள் அண்டை வீட்டாராகிய நாம்.

உங்கள் தெருவில் இரண்டு வாரத்திற்கு மேல் ஒருவர் இருமிக்கொண்டிருந்தால், சளிப் பரிசோதனைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். மருந்து உண்போர் இருந்தால் அவர் வீட்டிற்குச் செல்லுங்கள். "உள்ளே வாங்க" என்று அவர்கள் அழைக்கும்போது, நேரமாகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள்.